ஆடுமகளும் அளவுகோலும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரலை நாடித் தென்காசியில் வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர், அருவிக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரத்தை வீதியிலிருந்தே கும்பிட்டுவிட்டுக் கடந்து போகிறார்கள். அரிகேசரி பராக்கிரம பாண்டியர் 1446-ஆம் ஆண்டில் எடுப்பிக்கத் தொடங்கிய அந்தத் திருக்கோயிலின் வாயிலில், மேற்கு மலைக் கணவாயைத் தாண்டி வரும் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகும் சுகத்தை அனுபவித்தவர்கள்கூட, உள்ளே மண்டபத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஓங்கி நிற்கும் கற்சிற்பங்களின் முன்னால் அதிக நேரம் நிற்பதில்லை. வீரபத்திரரும் மன்மதனும் ரதியும் நிற்கும் அந்த வரிசையில், ஒரு காலை விண்ணோக்கித் தூக்கிய ஊர்த்துவ தாண்டவரும் இருக்கிறார். அவருக்கு எதிராக ஆடிய காளியும் இருக்கிறாள். நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பது அந்த இருவரையும்தான்.

அவர்களுக்கிடையே நடந்த போட்டியின் கதை தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. திருவாலங்காட்டில் ஆடவல்லானோடு காளி வாதாடினாள். அவர் ஆடிய ஒவ்வொரு தாண்டவத்தையும் அவளும் ஆடிக் காட்டினாள். வெற்றி யாருக்கு என்று சொல்ல முடியாமல் தேவர்கள் திகைத்திருந்தபோது, இறைவன் காதிலிருந்து நழுவி விழுந்த குழையைக் கால் விரலால் எடுத்து, அந்தக் காலை அப்படியே தலைக்கு மேல் உயர்த்திக் குழையைக் காதில் அணிந்துகொண்டார். சபையின் நடுவே பெண்ணாகிய தான் அவ்விதம் காலைத் தூக்குவது தகாது என்று நாணிக் காளி தலை கவிழ்ந்து நின்றாள். புராணத்துக்குத் தத்துவார்த்தம் வேறு உண்டு. பெரியோர் அதை விரித்து உரைத்திருக்கிறார்கள். ஆயினும் ஆட்டக் கலையின் சரித்திரத்தைப் பயில விரும்புகிறவன் இந்தக் கதையில் முதலில் காண்பது ஒன்று உண்டு. காளிக்குத் தாளம் தவறவில்லை, அடவு பிசகவில்லை, மூச்சு இளைக்கவில்லை. போட்டியில் ஒரு நிலை வந்தது. அந்த நிலை பெண்ணுக்கு விலக்கு. அவ்வளவுதான்.

இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம், அருவியைத் தவிர வேறு குளிர்ச்சி அறியாத நம் சீமைக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஒரு கலை என் மனத்தில் எழுகிறது. குளிர் தேசங்களில், உறைந்த ஏரியின் மேலும், பிற்காலத்தில் கட்டடத்துக்குள் செயற்கையாக உறைய வைத்த தளத்தின் மேலும், காலணியின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டின் விளிம்பிலே நின்று வழுக்கிச் சென்று, சுழன்று, துள்ளி, ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் கலை அது. ஃபிகர் என்ற பெயருக்கே காரணம் உண்டு. 1990 வரையில் போட்டிகளில் ஆடுகிறவர் ஒற்றைக் காலில் சறுக்கிப் பனித் தளத்தில் வட்டங்களையும் எட்டு என்ற எண்ணின் வடிவத்தையும் கோலம் போடுவது போல வரைய வேண்டியிருந்தது. வரைந்த கோட்டின் மேலேயே மறுபடியும் பிசகாமல் செல்ல வேண்டியிருந்தது. நடுவர்கள் குனிந்து நின்று அந்தக் கோட்டைப் பரிசோதித்து மதிப்பெண் இடுவார்கள். இழை கோணாமல் கோலம் இடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பரீட்சையின் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை.

1902-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகப் போட்டிக்கு மாட்ஜ் சையர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி பெயர் கொடுத்தார். பெண்கள் கலந்துகொள்ளலாம் என்று விதியில் இல்லை. கலந்துகொள்ளக் கூடாது என்றும் இல்லை. ஒருத்தி வந்து நிற்பாள் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. அவர் ஆடவர்களோடு ஆடி இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் ஸ்வீடன் தேசத்து உல்ரிக் சால்கோவ். மறு ஆண்டே சர்வதேசச் சங்கம் கூடிப் பெண்களை விலக்கி விதி செய்தது. நீண்ட பாவாடை பாதத்தை மறைப்பதால் அடி வைப்பைக் கண்டு மதிப்பிட இயலாது என்பது கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. சையர்ஸ் அம்மையார் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தித் தைத்துக்கொண்டு, அதே 1903-ல் பிரிட்டிஷ் தேசியப் போட்டியில் ஆடவர்களை வென்றார். அடுத்த ஆண்டு அந்தத் தேசியப் பட்டத்துக்காகத் தம் கணவரையே வென்றார். பின்னர் 1906-ல் பெண்களுக்கென்று தனிப் போட்டி ஏற்பட்டது. அதிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் அவரே முதல்வர். 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கமும் அவருக்கே.

கதவு திறந்தபின் உள்ளே வேறொரு கதவு இருந்தது. 1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் தெரசா வெல்ட், சால்கோவின் பெயரால் வழங்கும் துள்ளலைச் செய்து காட்டியபோது, இது பெண்மைக்கு அடுத்ததன்று என்று நடுவர்கள் அவரைக் கண்டித்தார்கள். அவர் வெண்கலம் பெற்றார் என்பது உண்மை. கண்டனம் பெற்றார் என்பதும் உண்மை. 1924-ல் பதினொரு வயதுச் சிறுமியாக வந்து கடைசி இடத்தில் நின்ற நார்வேயின் சோன்யா ஹெனி, பாலே நடனத்தின் லாவண்யத்தைப் பனியின் மேல் இறக்கி, குட்டைப் பாவாடையைச் சகஜமாக்கி, 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற பிறகுதான், பெண் துள்ளுவது அபசாரம் என்ற பேச்சு மெல்ல அடங்கிற்று. தலைகீழாகக் கரணம் அடித்து இறங்கும் வித்தையைப் பெண், ஆண் இருபாலார்க்கும் விலக்கி வைத்திருந்தார்கள். 1998-ல் நகானோ ஒலிம்பிக்கில், ஐரோப்பியப் பட்டத்தை ஐந்து முறை வென்றிருந்த பிரெஞ்சுப் பெண் சூர்யா போனாலி, பதக்கம் கைக்கெட்டாது என்று தெரிந்த நிலையில், அந்தக் கரணத்தை அடித்து ஒற்றைக் காலில் இறங்கிக் காட்டினார். அவருக்கு மதிப்பெண் குறைந்தது, பத்தாம் இடம். 2024-ல் அந்த விலக்கை நீக்கிவிட்டார்கள். திருவாலங்காட்டுக் காளி அன்று நாணாமல் காலைத் தூக்கியிருந்தால் சபை என்ன செய்திருக்கும் என்று எண்ணுகிறவர்கள் இந்த நிகழ்ச்சியைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்னதாக, தம் அணியைத் தேர்வதற்காகப் பல தேசங்கள் தேசியப் போட்டியை நடத்துகின்றன. முந்திய ஆண்டின் உலகப் போட்டியில் ஒரு தேசத்தார் பெற்ற இடத்தைப் பொறுத்து அத்தேசத்துக்கு ஒன்றோ இரண்டோ, அதிகபட்சம் மூன்றோ இடங்கள் கிடைக்கும். ஆகையால் நாலு நிமிஷ ஆட்டத்தில் ஒரு பெண்ணின் நாலு வருஷப் பிரயாசை அடங்கியிருக்கும். அரங்கின் தீர்ப்பே முடிவான தீர்ப்பு என்றும் சொல்வதற்கில்லை. 1994-ல் அமெரிக்கத் தேசியப் போட்டிக்கு முதல் நாள் நான்சி கெர்ரிகனைக் காலில் தாக்கினார்கள். அவர் ஆட முடியாமல் போயிற்று. எனினும் சங்கத்தார் அவரையே அணியில் சேர்த்தார்கள். இரண்டாம் இடத்தை ஆடிப் பெற்ற பதின்மூன்று வயது மிஷெல் க்வான் மாற்று ஆட்டக்காரியாக ஒதுங்கி நிற்க நேர்ந்தது. கெர்ரிகன் ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்றுத் தேர்வை நியாயப்படுத்தினார். 2014-ல் மூன்று இடங்கள் இருக்க, மூன்றாவதாக வந்த மிராய் நாகாசுவை விடுத்து, நான்காவதாக வந்த ஆஷ்லி வாக்னரை அனுப்பினார்கள். முந்திய ஆண்டுகளின் சாதனையைக் கணக்கிட்டோம் என்பது தேர்வுக் குழுவின் சமாதானம். இரண்டு முடிவிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு பெண் சபை நடுவே ஆடி முடித்த பிறகு, அவள் காணாத அறையொன்றில் அவள் மறுபடியும் எடை போடப்படுகிறாள் என்பதை நினைக்க மனம் சங்கடப்படுகிறது.

நம் தேசத்திலும் இந்தக் கலை அடியோடு இல்லாமல் இல்லை. சிம்லாவில் 1920 முதல் இயற்கைப் பனித் தளம் இருந்து வருகிறது. அண்மைக் காலத்தில், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தாரா பிரசாத் இந்தியக் குடியுரிமை ஏற்றுத் தேசியப் பட்டத்தை ஒரு முறைக்கு மேல் வென்றிருக்கிறார். ஆயினும் ஆடும் பெண்ணைச் சபையில் நிறுத்தி அளவுகோல் கொண்டு அளந்து, தேர்ந்து, பட்டம் கொடுக்கும் வழக்கத்துக்குப் பனியும் வேண்டாம், ஒலிம்பிக்கும் வேண்டாம். அது தமிழர்க்குப் பழைய வழக்கம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் போட்டி விதிகளின் ஏடாகவே வாசிக்கலாம். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் சோழன் முன்னிலையில் ஆடினாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை வாசிப்பவன், குழலோன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய லக்ஷணங்களை இளங்கோவடிகள் வரையறுக்கிறார். மேடையை அளக்கும் கோல், மூங்கிலில் இருபத்து நான்கு விரல் அளவாக நறுக்கப்பட்டது. அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேலே உத்தரப் பலகைக்கும் தளத்துக்கும் இடையே நான்கு கோல். புகுவதற்கு ஒரு வாயில், போவதற்கு ஒரு வாயில். தூணின் நிழல் ஆடுகிறவள் மேலும் அவையின் மேலும் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பது வரையில் சொல்லிவிடுகிறார். நடுவர் கண்ணுக்குப் பாதம் தெரியவில்லை என்று எவரும் வழக்காடுவதற்கு இடமே வைக்கவில்லை. பரிசாகக் கிடைக்கும் தலைக்கோலும் ஒரு கோல்தான். போரில் தோற்றோடிய பகைவேந்தரின் வெண்குடைக் காம்பை எடுத்து, மணி பதித்து, பொன் தகடு போர்த்து, அரசன் மாளிகையில் வழிபட்டு வைத்திருந்து, அரங்கேற்ற நாளில் யானை மேல் ஏற்றி ஊர்வலம் வந்து மேடையில் நாட்டுவார்கள். அதன் முன் ஆடித் தேறியவளுக்குத் தலைக்கோல் பட்டமும், அரசன் சூட்டும் பச்சை மாலையும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் உண்டு. மாதவி மூன்றையும் பெற்றாள்.

காதை அங்கேயே முடிந்திருந்தால் நாம் மகிழ்ந்து எழுந்து போயிருக்கலாம். அந்த மாலையை ஒரு கூனியின் கையில் கொடுத்து, நகரத்து நம்பியர் திரியும் வீதியில், இதை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுக்கு வாங்குகிறவன் மாதவிக்கு மணமகன் என்று விலை கூறச் செய்தார்கள், கோவலன் வாங்கினான். அரசன் கலைக்கு அளித்த மதிப்பு எத்தனை கழஞ்சோ, அத்தனை கழஞ்சே கலைஞியின் விலையும் ஆயிற்று. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ஏழாண்டுச் சாதகம் அரண்மனையிலிருந்து வீதிக்கு வருவதற்குள் இப்படி உருமாறிப் போவதை அடிகள் ஒரு கண்டனமும் சொல்லாமல் எழுதிச் செல்கிறார். கண்டனம் சொல்லாததனாலேயே அது நெஞ்சில் தைக்கிறது.

தலைக்கோல் என்னும் விருது காவியத்தோடு நின்றுவிடவில்லை. சோழர் கல்வெட்டுகளில் ‘தலைக்கோலி’ என்ற பட்டம் தாங்கிய ஆடல்மகளிரைக் காண்கிறோம். முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாட்டின் பல தளிகளிலிருந்தும் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைத் தேர்ந்து குடியேற்றி, ஒருத்திக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்காக வகுத்து, அவர்கள் பெயரையும் ஊரையும் வீட்டின் இலக்கத்தையும் கல்லில் வெட்டி வைத்தான்.

ஆடற் கலைக்கு அருகில் மற்றொரு விளையாட்டு இருந்தது. குற்றாலத்துக்கு நாம் போக வேண்டிய வழியும் அதுவே. பந்தடித்தலைத் தமிழ்ப் பெண்கள் வெறும் பொழுதுபோக்காக வைத்திருக்கவில்லை. கொங்குவேளிரின் பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. அரசமகளிரின் தோழிமார் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து பந்தாடுகிறார்கள். எத்தனை அடி என்று எண்ணிக்கை நடக்கிறது. முன்னவளை விஞ்சிப் பின்னவள் ஆயிரக்கணக்கில் அடிக்கிறாள். எல்லாரையும் கடந்து வெற்றி பெறுகிறவள் மானனீகை. ஓய்ந்து போன சுவடிகளைத் தேடி எடுத்து உ. வே. சாமிநாதையர் 1924-ல் அந்த நூலைப் பதிப்பித்திராவிட்டால், இப்படி ஒரு பெண்கள் பந்தயம் தமிழில் பாடப்பட்டிருக்கிறது என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். வடமொழியில் தண்டியின் தசகுமார சரிதத்திலும், கந்துகவதி என்னும் ராஜகுமாரி கார்த்திகை நாள்தோறும் தேவியின் பிரீதிக்காக ஊரார் முன்னிலையில் பந்தாடுகிறாள்; பந்தின் கதிக்கு ஏற்ப அடி வைப்புக்குத் தனித்தனிப் பெயர்களே சொல்லப்படுகின்றன. கையும் கண்ணும் காலும் ஒரே காலப் பிரமாணத்தில் இயங்க வேண்டிய அந்த வித்தை, துள்ளலையும் சுழற்சியையும் எண்ணி மதிப்பிடும் பனித்தரை நடனத்துக்கு ஒருவகையில் உடன்பிறப்பு.

தென்காசியிலிருந்து மூன்று மைல் மேற்கே போனால் குற்றாலம். பேரருவி நேரே தரைக்கு வருவதில்லை; உச்சியிலிருந்து பொங்குமாங்கடலில் விழுந்து, அங்கே பொங்கித் தணிந்து, பிறகுதான் கீழே இறங்குகிறது. அருவிக்கு அருகே சங்கு வடிவான குற்றாலநாதர் கோயில். அதற்குச் சற்றுத் தூரத்தில், தெப்பக்குளத்தின் கரையில் சித்திர சபை. ஆடவல்லானுக்குரிய ஐந்து சபைகளில் தில்லை பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், நெல்லை தாமிர சபை, ஆலங்காடு ரத்தின சபை. காளி தோற்ற சபை அந்தக் கடைசியில் சொன்னது. குற்றாலத்தில் மட்டும் கூத்தன் உலோகத்தில் வார்க்கப்படாமல் சுவரில் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கிறான். மார்கழித் திருவாதிரையில் கோயிலிலிருந்து நடராஜர் இங்கே எழுந்தருள, அதிகாலைக் குளிரில் தாண்டவ தீபாராதனை நடக்கிறது.

தென்காசிக்கு அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இந்த மலையையும் இந்தக் கூத்தனையும் வைத்துக் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்கு மகிழ்ந்து அளித்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். திரிகூடநாதர் பவனி வருகிறார். காண வந்த பெண்களிடையே வசந்தவல்லி தோன்றுகிறாள். தோன்றியதும் அவள் செய்கிற முதற் காரியம் பந்தடிப்பது. காதலோ கண்ணீரோ அதற்குப் பின்புதான். வளை ஒலிக்க, குழல் சரிய, இடை ஒசிந்து விடுமோ என்று பார்க்கிறவர் பதற, பந்து பின்னால் அவளும் அவள் பின்னால் சந்தமுமாகக் கவிராயர் ஓட விடுகிறார். காவியங்களில் எத்தனையோ நாயகியர் உண்டு. மாலை தொடுத்தவர், கிளியோடு பேசியவர், மாடத்தில் நின்று ஏங்கியவர். தன் உடம்பின் வலிமையையும் லாகவத்தையும் நடுவீதியில் காட்டி அறிமுகமாகும் நாயகி என்று எனக்குத் தெரிந்தவரை வசந்தவல்லிக்கே முதல் ஸ்தானம். அவளை எவரும் அளக்கவில்லை; அவள் எவருக்கும் மதிப்பெண் கேட்டு நிற்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கவிராயரை வணங்குகிறேன்.

பாடிய நூல் இருந்தது. ஆடுவதற்கு உரிய குலத்தார் நிலை தாழ்ந்து கொண்டே வந்தது. மாதவியின் மாலை வீதியில் விலை கூறப்பட்ட நாளிலிருந்து கலையோடு ஒட்டிக்கொண்ட அந்த விலை, பிற்காலத்தில் கலையையே மறைத்து விட்டது. பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. ஒழிய வேண்டிய வழக்கம் ஒழிந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வழக்கத்தின் சுமையை உடலால் சுமந்து, கலையையும் உயிரோடு காத்து வைத்த பெண்கள், காத்த கலைக்குக் கௌரவம் வந்த காலத்தில் பெரும்பாலும் ஓரத்தில் நின்றார்கள் என்பதை மட்டும் மறைக்க முடியாது.

கௌரவம் வந்த வரலாறு நாம் அறிந்ததே. மியூசிக் அகாடமி 1930-களின் தொடக்கத்தில் சதிர் ஆட்டத்தை மேடையேற்றியது. பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி அருண்டேல் 1935-ல் அடையாற்றில், பிரம்ம ஞான சபையாரின் விழாவில், ஆடினார். ஒரு பிராமண மாது மேடையில் ஆடுவதா என்று எழுந்த கூச்சல், ஆன்ட்வெர்ப்பில் துள்ளிய தெரசா வெல்ட் கேட்ட கண்டனத்தைவிடப் பன்மடங்கு பெரியது. அவர் கலாக்ஷேத்திரத்தில் நாட்டிய நாடகம் ஒன்றை உருவாக்க எண்ணியபோது, முதலில் எடுத்துக்கொண்டது குற்றாலக் குறவஞ்சி. குற்றாலத்தையே தம் வாசஸ்தலமாக்கிக்கொண்டு, வந்தவர்க்கெல்லாம் தமிழின் சுவையை அருவியோடு சேர்த்துப் பருகக் கொடுத்துவந்த ரசிகமணி டி. கே. சி. அவர்கள் காலம் அது. வீணை கிருஷ்ணமாச்சாரியாரின் இசையமைப்பில் 1944-ல் வசந்தவல்லி மறுபடியும் சபையேறினாள்.

பரதத்தில் பந்து கையில் இருப்பதில்லை. ஆடுகிறவள் வெறுங்கையை வீசுகிறாள். கண் மேலே போகிறது. பாதம் ஜதியைத் தட்டுகிறது. உள்ளங்கை திரும்பி, வந்ததை வாங்கி, மறுபடியும் மேலே அனுப்புகிறது. பார்த்திருக்கும் சபையின் கண்கள் அத்தனையும் அந்த இல்லாத பந்தோடு ஏறி, அந்த இல்லாத பந்தோடு இறங்குகின்றன. எத்தனை அடி என்று அங்கே எவரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.